கரம் காய்களும் சீட்டுகளுமாகச் சீனிக் குக்கீ: கொழும்பின் ஈரக் காற்றில் நேரும் பிழைகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்தின இரவில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் நண்பர்கள் எட்டுப் பேர் கூடுவது சில ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். நால்வர் கரம் பலகையைச் சுற்றி அமர்வார்கள், மற்ற நால்வர் 304 என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள், நடுநடுவே இடம் மாறிக்கொள்வார்கள். அந்த இரவுக்கெனக் கரம் காய்களின் வடிவிலும் சீட்டுகளின் வடிவிலும் ஐசிங் இட்ட சீனிக் குக்கீ செய்து வைப்பது என் பொறுப்பு. தொடக்கத்தில் நான் பின்பற்றிய குறிப்புகள் எல்லாம் குளிர்ந்த, உலர்ந்த காற்றுள்ள நாடுகளில் எழுதப்பட்டவையாக இருந்ததால், அளவு பிசகாமல் செய்தும் வட்டங்கள் பரந்தன, சிவப்பு வெள்ளைக்குள் கசிந்தது, ஐசிங் மறுநாள் மாலை வரை பிசுபிசுத்தது. ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேடித் திருத்தியவற்றையே அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விவரங்களை முதலில் மனத்தில் கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும். சீனியோடு சேர்த்து அடிப்பதற்குப் பட்டர் 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 32 முதல் 35 பாகைக்குள் அது உருகிவிடும். கொழும்பின் சமையலறையோ பகலில் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது, குக்கீ சுடும் அடுப்பான அவனை மூட்டிய பிறகு அதற்கும் மேலே போகிறது. அடுத்தது சீனி. காற்றின் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டும்போது சீனி காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். மழைக்கால இரவுகளில் நம் ஊரில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே பிழை எதுவானாலும், பட்டர் இளகியதா, ஐசிங்குக்குள் நீர் தங்கியதா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

நான் எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான். பட்டர் 225 கிராம், நுண்ணிய சீனி 200 கிராம், முட்டை ஒன்று, கோதுமை மா 400 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி. நம் கடைகளில் கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்பிட்டது என்பதால் தனியே உப்புச் சேர்ப்பதில்லை; உப்பிடாத பட்டராயின் அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். பேக்கிங் பவுடர் தேவையில்லை. 6 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டினால், 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கரம் காய்கள் 19 கிடைக்கும்: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ராணி ஒன்று. மீதி மாவில், 304 ஆட்டத்தில் புள்ளி கூடிய ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து ஆகிய நான்கையும் நான்கு இனங்களிலும் வெட்டினால் 16 சீட்டுகள் வரும். 30, 20, 11, 10 என்று அவற்றின் புள்ளிகளை ஓரத்தில் எழுதிவைத்தால் புதிதாக ஆடவரும் நண்பருக்கும் உதவியாக இருக்கும்.

ஐசிங்குக்கு, ஐசிங் சீனி 500 கிராம், வெண்கரு இரண்டு, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி. வெண்கரு இங்கே வேகாமலே உண்ணப்படுவதால், சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் வரும் வீட்டில், பதப்படுத்திய வெண்கருத் தூளான மெரிங்க் பவுடரைப் பயன்படுத்துவதே முறை. புறக்கோட்டையில் கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். 450 கிராம் ஐசிங் சீனிக்கு 3 மேசைக்கரண்டி மெரிங்க் பவுடரும் சுமார் 90 மில்லிலீற்றர் நீரும் சரியாக இருக்கும்.

அறிகுறி: வட்டமாக வெட்டியது அவனில் பரந்து வடிவம் இழக்கிறது

மற்ற எல்லாப் பிழைகளையும்விட இதுவே அதிகம் நேர்வது. ஐசிங்கின் அழகு முழுவதும் விளிம்பின் கூர்மையைச் சார்ந்திருப்பதால், இதனை முதலில் தீர்க்காமல் வேறெதனைத் திருத்தியும் பயனில்லை. மா அவனுக்குள் போகும்போது பட்டர் ஏற்கெனவே இளகியிருந்தால், மாவும் முட்டையும் இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் முன்பே கொழுப்பு உருகி ஓடிவிடும். பட்டர் உறைந்த நிலையில் உள்ளே போனால், அது உருகுவதற்குள் விளிம்பு இறுகிவிடும்.

குறிப்புகளில் வரும் “அறை வெப்பநிலையிலுள்ள பட்டர்” என்ற சொற்றொடரை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அறையின் வெப்பம் 20 பாகை, நம்முடையது 30. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் மட்டுமே வெளியே வைத்து, விரலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்தாலும் மேற்பரப்பு பளபளக்காத நிலையிலேயே சீனியோடு சேர்க்கவும். வெளிறிப் பொங்கும் வரை அடிப்பது கேக்குக்குரிய முறை. குக்கீக்கு அப்படி அடித்தால் உள்ளே புகும் காற்று அவனில் விரிந்து வட்டத்தைத் தள்ளிவிடும். இரண்டும் ஒன்றாகக் கலந்து கட்டியற்று வந்ததும், சுமார் ஒரு நிமிடத்தில், நிறுத்திவிட வேண்டும்.

மாவைக் கலந்தவுடன் அது மென்மையாக இருக்கும்போதே இரண்டு பேக்கிங் தாள்களுக்கு இடையில் வைத்து உருட்டி, தகடாகவே தட்டில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்கவும். உருண்டையாகப் பிடித்துக் குளிரவைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்கு முன் விளிம்பு கல்லாகிவிடுகிறது. பிறகு அதனை உருட்டும் பத்து நிமிடத்தில் மறுபடியும் முழுவதும் இளகிவிடுகிறது. குளிர்ந்த தகட்டிலிருந்து அச்சால் வெட்டி, வெட்டிய துண்டுகளைத் தட்டோடு உறைபெட்டியில் 15 நிமிடம் வைத்து, அங்கிருந்து நேரே 175 பாகைக்குச் சூடான அவனுக்குள் கொண்டுபோகவும். இந்த 15 நிமிடத்தைக் கைக்கொண்ட பிறகு என் வட்டங்கள் பரந்ததே இல்லை.

இத்தனை செய்தும் பரந்தால் மூன்று இடங்களில் பார்க்கவும். முதலாவது பட்டரின் உறை. பட்டரில் பாற்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதே வடிவப் பொதியில், அதே தட்டில் அடுக்கி விற்கப்படும் ஃபட் ஸ்ப்ரெட் வகைகளில் கொழுப்புக் குறைவு, நீர் அதிகம். பாணில் பூச நன்றாக இருக்கும் அந்தப் பொருள் குக்கீயின் வடிவத்தைக் காக்காது. இரண்டாவது மாவின் அளவு. ஒரு கோப்பை மா, அள்ளும் கையைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். சிறு இலத்திரனியல் தராசு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. மூன்றாவது தட்டு. முதல் தொகுதி வெந்து வந்த சூடான தட்டில் அடுத்த தொகுதியை வைத்தால், அவனுக்குள் போகும் முன்பே அடிப்பக்கம் உருகத் தொடங்கிவிடும். தட்டுக்குப் பட்டர் பூசவும் வேண்டாம், தாள் விரித்தாலே போதும்.

முழுத் தட்டையும் வைப்பதற்கு முன் ஒரேயொரு குக்கீயைத் தனியே சுட்டுப் பார்ப்பது, சுடும் இரவில் நமக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல். அது பரந்தால் மீதி மாவில் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைப் பிசறி மீண்டும் குளிரவைக்கலாம். சுட்டு முடித்த பிறகு பரந்ததைக் கண்டால், அவனிலிருந்து எடுத்த முதல் ஒரு நிமிடத்துக்குள், சூடாக இருக்கும்போதே, அதே அச்சை மேலே வைத்து அழுத்தி ஓரத்தை வெட்டிவிடலாம். வெட்டிய ஓரங்கள் தேநீருக்கு ஆகும்.

அறிகுறி: உருட்டும்போது ஒட்டுகிறது, அல்லது வெடிக்கிறது

ஒட்டினால் மா இளகிவிட்டது. மேலும் மேலும் கோதுமை மாவைத் தூவுவதால் குக்கீ வறண்டு போவதோடு, மேற்பரப்பில் தங்கும் மாத் தூள் பின்னர் ஐசிங் பிடிக்காமல் கழன்று விழுவதற்கும் காரணமாகும். தூவுவதை விட்டுத் தகட்டைப் பத்து நிமிடம் குளிரவைக்கவும். வெடித்தால் மா அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் நம் சூட்டில் தானாகவே சரியாகும்.

அறிகுறி: மேற்பரப்பு கொப்பளித்து மேடு பள்ளமாகிறது

சீனியும் பட்டரும் அதிகம் அடிபட்டிருக்கும், அல்லது பேக்கிங் பவுடர் சேர்ந்திருக்கும். வெளியே எடுத்தவுடன் தட்டையான கரண்டியின் அடியால் மெல்ல அழுத்திச் சமப்படுத்தலாம்.

அறிகுறி: அடி கருகுகிறது, மேற்புறம் வெளிறியே இருக்கிறது

தொடர்மாடி வீடுகளில் நம்மில் பலர் வைத்திருப்பது மேசை மீது வைக்கும் சிறிய மின் அவன். அதன் வெப்பக் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதும், திருகிக் காட்டும் பாகைக்கும் உள்ளிருக்கும் உண்மையான வெப்பத்துக்கும் இடைவெளி இருப்பதும் வழக்கமானவை. அவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பார்த்தபோதுதான், என்னுடையது 175 என்று காட்டியபோது உள்ளே 200 ஐத் தொட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. குறைந்தது 20 நிமிடம் முன்சூடாக்கி, தட்டை நடுத் தளத்தில் வைத்து, கீழே ஒரு வெற்றுத் தட்டைச் சேர்த்து இரட்டைத் தட்டாக்கினால் அடி கருகுவது நிற்கும். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கவும். 5 சென்ரிமீற்றர் வட்டத்துக்கு 9 முதல் 11 நிமிடம் தேவைப்படும். ஐசிங் இடப்போகும் குக்கீ பொன்னிறமாகச் சிவக்க வேண்டியதில்லை. விளிம்பில் நிறம் தொடங்கியதும் எடுத்துவிடலாம். ஆனாலும் நடு வேகாமல் எடுத்தால், தங்கிய ஈரம் பின்னர் ஐசிங்குக்குள் ஏறும் என்பதை நினைவில் கொள்ளவும்.

அறிகுறி: ஐசிங் எவ்வளவு அடித்தும் தடிக்கவில்லை

எங்கோ கொழுப்புப் பட்டிருக்கிறது. வெண்கரு காற்றைப் பிடித்து நிற்பதைக் கொழுப்புக் கெடுக்கும். மஞ்சட்கரு ஒரு துளி விழுந்திருந்தாலும், பட்டர் அடித்த பீட்டரைச் சரியாகக் கழுவாமல் போட்டிருந்தாலும் இதுவே நேரும். பிளாஸ்திக் பாத்திரம் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பசையை விடாது என்பதால் கண்ணாடி அல்லது உருக்குப் பாத்திரம் எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்த பின் வெட்டிய தேசிக்காயால் உட்புறத்தைத் தேய்க்கவும். ஐசிங் சீனி கட்டி பிடிக்காதிருக்கச் சோளமா கலந்தே விற்கப்படுகிறது. நம் காற்றில் அதுவும் கட்டிபடும் என்பதால் இரண்டு முறை அரித்தெடுக்கவும்.

குறைந்த வேகத்தில் நான்கைந்து நிமிடம் அடித்தாலே போதும். கூடிய வேகத்தில் நீண்ட நேரம் அடித்தால் ஐசிங் நிறையக் காற்றை வாங்கி, உலர்ந்த பின் சுண்ணாம்பு போல உதிரும். குமிழிகளும் நிறையத் தோன்றும். குமிழி வந்துவிட்டால், பாத்திரத்தை ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்து, பிறகு கரண்டியால் மெல்லக் கிளறிப் பயன்படுத்தவும். குக்கீயின் மேல் தோன்றும் குமிழியைப் பற்குச்சி முனையால் உடனே உடைத்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் கடந்தால் தோல் கட்டிவிடும், பிறகு குத்தினால் வடு நிற்கும்.

அறிகுறி: ஐசிங் விளிம்பைத் தாண்டி வழிகிறது, அல்லது உலர்ந்த பின் நடுவில் குழி விழுகிறது

இரண்டுக்கும் காரணம் நீர் கூடியதே. ஐசிங்கின் பதத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்கது. பாத்திரத்திலுள்ள ஐசிங்கின் மேல் கத்தியால் ஒரு கோடு இழுத்து, கோடு மறைந்து மேற்பரப்பு சமமாகும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணவும். 15 முதல் 20 வரை எண்ணுவதற்குள் மூடினால் உள்ளே நிரப்பும் பதம். 10க்குள் மூடினால் அது வழியும். அரித்த ஐசிங் சீனியை ஒரு கரண்டி சேர்க்கவும். ஓரக் கோடு இடுவதற்குக் கோடு மறையவே தயங்கும் பதம் தேவை. நீரை ஒவ்வொரு முறையும் கால் தேக்கரண்டிக்கு மேல் சேர்க்கக் கூடாது. குறிப்பு சொல்லும் நீரின் அளவை நான் பின்பற்றுவதே இல்லை, ஏனெனில் மழை நாளில் சீனியே ஓரளவு ஈரத்தை ஏந்தி வருகிறது.

சீட்டின் ஆட்டின் (இதய வடிவம்), டயமன் போன்ற சிறு வடிவங்களில் குழி விழுவது அதிகம். சிறு பரப்பில் ஐசிங் மெதுவாக உலரும்போது தோல் பலமற்று நடுவில் அமிழ்ந்துவிடுகிறது. நிரப்புவதற்கு முன் அந்தச் சிறு வடிவத்துக்குள் தடித்த ஐசிங்கால் வளைவு வளைவாக ஒரு கோடு இழுத்து வைத்தால் மேல் ஐசிங்குக்குத் தாங்கல் கிடைக்கும். நிரப்பியவுடன் மின்விசிறியின் முன் வைத்தால் தோல் விரைவில் கட்டும்.

அறிகுறி: இரவு கழிந்தும் ஐசிங் உலரவில்லை, தொட்டால் விரல் ஒட்டுகிறது

இதற்கான பதில் ஐசிங்கில் கிடைக்காது. காற்றைத்தான் மாற்ற வேண்டும். கடலிலிருந்து காலி வீதி வரை ஈரக் காற்று தடையின்றி வரும் எங்கள் பகுதியில், சன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால் ஐசிங்குக்கு ஈரமே தொடர்ந்து ஊட்டப்படும். உலர்ந்த நாளில் மின்விசிறி நன்றாகவே உதவும். முதல் ஒரு மணி நேரம் அதன் முன் வைத்த குக்கீக்குப் பளபளப்பும் கூடும். மழை இரவில் அது போதாது. அன்று குளிரூட்டியுள்ள அறையில், கதவையும் சன்னலையும் அடைத்து, காற்றின் ஈரத்தைக் குறைக்கும் ட்ரை நிலையில் வைத்து உலரவிடவும். குளிரூட்டி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீரைக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. ஐசிங்குக்குத் தேவைப்படுவது அந்த வேலைதான். வேறு நாட்டுக் குறிப்புகள் 8 மணி நேரம் என்று சொல்லுமிடத்தில் நான் 24 மணி நேரம் ஒதுக்குகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 25 பாகையைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனித்துளி படியும். எனவே 20 பாகைக்குக் குளிர்ந்த அறையிலிருந்து குக்கீயை மூடாமல் வெளியே கொண்டுவந்தால், பத்து நிமிடத்தில் மேற்பரப்பு வியர்த்து, உலர்ந்திருந்த நிறமும் கரைந்துவிடும். குளிரூட்டியை 25 அல்லது 26 பாகையில் வைக்கவும். வெளியே எடுப்பதற்கு முன் அறைக்குள்ளேயே காற்றுப் புகாத ரின்னில் மூடி, ரின்னோடு வெளியே கொண்டுவந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கவும். ஐசிங் இட்ட குக்கீயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

குளிரூட்டி இல்லாத வீட்டில் குக்கீ முழுவதையும் ஐசிங்கால் மூடுவதைக் கைவிட்டு, ஓரக் கோடும் சின்னமும் மட்டும் இடுவது நல்லது. மெல்லிய கோடுகள் மழை இரவிலும் உலர்ந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்ட நாட்களில், விசிறியும் இன்றி நான் செய்த குக்கீகளில் கோடு மட்டும் இட்டவையே தேறின; இன்றும் சில கூட்டங்களுக்கு அந்த எளிய கோட்டு வேலையையே விரும்பிச் செய்கிறேன். ஐசிங்கை விரைவில் உலர்த்த அவனுக்குள் வைக்கும் யோசனையை ஏற்காதீர்கள். அங்கே குக்கீயிலுள்ள பட்டர் உருகி ஐசிங்குக்குள் ஏறும்.

மென்மையாகக் கடிபடுவதற்காக கிளிசரின், குளுக்கோஸ் பாகு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. இரண்டும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் பொருட்கள். கொழும்பில் அவற்றைச் சேர்க்காமல் விட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அறிகுறி: சிவப்பும் கறுப்பும் வெள்ளைக்குள் கசிகின்றன

சீட்டு வடிவத்தில் இந்தப் பிழை மனத்தை மிகவும் வருத்தும். இரவு பதினொரு மணிக்கு வெண்மையான தளத்தில் தெளிவாக நின்ற ஆட்டின், காலையில் சுற்றிலும் இளஞ்சிவப்பு வளையத்தோடு இருக்கும். நிறம் நீரில் கரையும் பொருள். வெள்ளைத் தளத்தில் ஈரம் மிஞ்சியிருக்கும் வரை அந்த ஈரத்தின் வழியே அது நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே வெள்ளைத் தளத்தை முதல் நாள் இட்டு, முழு இரவும் உலரவிட்டு, நகத்தால் தட்டினால் ஓடு போல ஒலிக்கும் நிலை வந்த பின்பே சிவப்பை இடவும். சிவப்பு ஐசிங் நிரப்பும் பதத்தைவிடத் தடித்ததாக இருக்க வேண்டும். இட்டவுடன் விசிறியின் முன் வைக்கவும்.

நீர் போன்ற திரவ நிறங்களைத் தவிர்த்து ஜெல் நிறத்தைப் பயன்படுத்தவும். ஆழ்ந்த சிவப்பு வேண்டுமென்று மேலும் மேலும் நிறத்தைக் கொட்டுவதே கசிவுக்கு வழி. நிறம் கலந்த ஐசிங்கை மூடி சில மணி நேரம் வைத்தால் அது தானே ஆழ்ந்து வரும் என்பதால், நினைத்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாகக் கலந்து முதல் நாளே வைத்துவிடவும். ஆற வைத்த ஐசிங்கின் அடியில் நீர் பிரிந்து நிற்கும்; கிளறாமல் பையில் நிரப்பினால் அந்த நீரே முதலில் குக்கீயின் மேல் இறங்கும்.

கறுப்புக் கரம் காய்களுக்கு நான் கறுப்பு ஐசிங் இடுவதையே நிறுத்திவிட்டேன். பட்டர், சீனி, முட்டை மூன்றும் கலந்த கலவையை நிறுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 200 கிராம் கோதுமை மாவும், மறு பாதிக்கு 175 கிராம் கோதுமை மாவுடன் 25 கிராம் கொக்கோத் தூளும் சேர்த்தால், இரண்டாவது பாதி இயல்பாகவே கருமையாக வரும். அதன் மேல் வெள்ளைக் கோட்டால் இரண்டு வளையங்கள் மட்டும் இட்டால் உண்மையான காயின் கடைசல் வரிகள் போலவே தோன்றும். வாயையும் பல்லையும் கறுப்பாக்கும் நிறம் இல்லை, கசிவும் இல்லை, சுவையும் கூடுதல். கொக்கோ மாவில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெந்ததை விளிம்பின் உறுதியைத் தொட்டே அறிய வேண்டும். சிவப்பு ராணி ஒன்றே ஒன்று. அதனை எல்லாம் முடிந்த பின் தனித் தட்டில் செய்யவும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதைத் துடைத்தால் இன்னும் பரவும். முழுவதும் உலரவிட்டு, கசிந்த வளையத்தின் மேலேயே தடித்த சிவப்பால் சற்றுப் பெரிதாக மறுகோடு இட்டு மூடிவிடுவதே எனக்குக் கைகொடுத்த ஒரே வழி.

அறிகுறி: வெள்ளை ஐசிங்கில் எண்ணெய்ப் புள்ளி போன்ற திட்டுகள்

குக்கீயின் பட்டர் மேலேறியிருக்கிறது. குக்கீ முழுவதும் ஆறுவதற்கு முன் ஐசிங் இடுவதாலும், ஐசிங் மிகவும் நீர்த்திருப்பதாலும், பகல் வெயில் படும் மேசையில் உலரவிடுவதாலும் இது நேரும். சுட்ட குக்கீகளை உறிஞ்சும் தாளின் மேல் ஓர் இரவு வைத்து, மறுநாள் ஐசிங் இட்டால் பெரும்பாலும் வராது. வந்த திட்டு மறையாது. ஆனால் ஈரம் தங்கியதால் தோன்றிய திட்டாக இருந்தால் ஒரு நாள் உலர்ந்த அறையில் வைத்ததும் மறைந்துவிடும் என்பதால், ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்த பின்பே மேலே வேறு அலங்காரம் இட்டு மறைக்கவும்.

அறிகுறி: மொறுமொறுப்பாக இருந்த குக்கீ நமத்துப் போகிறது

ஐசிங் இடாத குக்கீயானால் 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டுவிடும். ஐசிங் இட்ட பின் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஆறியவுடன் ரின்னில் அடைக்கவும், சூட்டோடு அடைத்தால் தன் ஆவியிலேயே நமத்துவிடும். ஐசிங் உலரும் 24 மணி நேரமும் குக்கீ திறந்தே இருப்பதால், உலர்ந்த அறை அதன் மொறுமொறுப்பையும் சேர்த்தே காக்கிறது. சனிக்கிழமை இரவு கூட்டமென்றால் வியாழன் இரவு மா கலந்து சுட்டு, வெள்ளி காலை தளமும் சனி காலை சின்னங்களும் இடுவது என் கணக்கு. அதற்கு முன்பே தொடங்க வேண்டுமானால் மாவைத் தகடாக உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கெடாது.

அறிகுறி: ஆட்டத்தின் நடுவே விரலில் நிறம் ஒட்டுகிறது, சீட்டுகள் பிசுபிசுக்கின்றன

எட்டுப் பேரின் மூச்சும் தேநீரின் ஆவியும் சேர்ந்து சிறிய அறையின் ஈரத்தைக் கூட்டிவிடுகின்றன. முழுத் தட்டையும் ஒரே தடவையில் மேசைக்குக் கொண்டுவராமல், ரின்னிலிருந்து ஆறேழாக எடுத்து வைக்கவும். துரும்பு கேட்கும் அவசரத்தில் யாரும் கை துடைக்க எழமாட்டார்கள் என்பதால், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஈரத்துணி ஒன்றும் உலர்ந்த துணி ஒன்றும் இருக்கட்டும். சீட்டு வடிவக் குக்கீகளின் ஓரத்தில் அரை சென்ரிமீற்றர் ஐசிங் இடாமல் விட்டால் அங்கே பிடித்து எடுக்கலாம். இந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு எங்கள் சீட்டுக்கட்டில் கறை படுவது வெகுவாகக் குறைந்தது.

கரம் ஆடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் தூவும் தூள் பெரும்பாலும் போரிக் அமிலம்; அது உணவோடு உடலுக்குள் போகக் கூடாத பொருள். ஐசிங் சீனியைப் போலவே வெண்மையாக இருப்பதால் இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்கவே கூடாது. குக்கீத் தட்டைப் பலகையின் சட்டத்தின் மேல் வைக்காமல் தனி முக்காலியில், மூடியோடு வைக்கவும். ஆட்டத்தின் நடுவே குக்கீ எடுக்க விரும்புபவர் முதலில் கை கழுவ வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் ஆட்ட விதிகளோடு சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குக்கீ தின்ற கையோடு மறுபடி ஆட அமர்ந்தாலும் கழுவியே அமர வேண்டும், இல்லையேல் பட்டர் பசை பட்ட ஸ்ட்ரைக்கர் பலகையில் ஓடாமல் நின்றுவிடும்.